புளி போட்டுத் தேய்க்கும் முன்

பழம்பொருள்களைப் பராமரிப்பது என் தொழில். அதைக் கற்றுக்கொடுத்தவர் சேலம் சூரமங்கலத்தில் இருந்த, ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல் ஊழியர். சார் என்றுதான் கூப்பிடுவேன். ரயில்வே கழித்துப்போட்ட சாமான்களை பழைய இரும்புக் கடையில் காசு கொடுத்து மீட்டுவந்து, முன்னறையில் அடுக்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். இரண்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார்.

சேர்ந்த புதிதில் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கறுத்துக் கிடந்த பித்தளைத் தகடு ஒன்றைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு. எழுத்து எங்கே?"

எஸ்.ஐ.ஆர். என்று, அதாவது சவுத் இந்தியன் ரயில்வே என்பதன் சுருக்கம், மங்கலாக இருந்ததாம். சேலத்துக்கு ரயில் வந்தது 1861-ல், மெட்ராஸ் ரயில்வே காலம். 1908-ல் ஜோலார்பேட்டை - மங்களூர் தடம் சவுத் இந்தியன் ரயில்வேயிடம் போனது. 1951-ல் தென்னக ரயில்வே பிறந்தது. ஆக, சேலத்துப் பொருளில் அந்த மூன்று எழுத்து இருந்தால் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். நான் தேய்த்து எடுத்தது அதைத்தான்.

புளியின் அமிலம் கறுப்போடு நிற்காது. பித்தளையில் உள்ள துத்தநாகத்தையும் கரைக்கும். தேய்த்த பாத்திரம் லேசாகச் சிவப்பது அதனால்தான். குத்துவிளக்குக்குச் சரி. பழம்பொருளுக்கு மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

அட்டை டிக்கெட்டுகள் வேறு கதை. ஏற்காட்டு வீடு ஒன்றிலிருந்து ஒரு டப்பா நிறைய வந்தது, பனி ஈரத்தில் பூஞ்சை பிடித்து. வெயிலில் போட்டிருந்தால் சுருண்டிருக்கும். நிழலில், உறிஞ்சுதாளுக்கு நடுவே மெதுவாக உலர்த்தினோம். அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்துப் பூஞ்சையைத் தட்டினோம். தயவுசெய்து லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். மை போனாலும் தேதி அழுத்திய தடம் அட்டையில் இருக்கும். சூட்டில் அதுவும் போய்விடும், பிளாஸ்டிக்கையும் பிரிக்க முடியாது.

சார் எதையும் துடைப்பதற்கு முன் ஒரு சீட்டு எழுதுவார்: எந்த ஸ்டேஷன், யார் கொடுத்தது, எப்போது. பென்சிலில்தான், பேனா மை ஈரத்தில் ஊறிவிடும் என்பதால். அதை நூலில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொட விடுவார். உங்கள் பரணிலும் தாத்தாவின் ரயில்வே சாமான் ஏதாவது கிடந்தால், முதலில் அந்தச் சீட்டை எழுதிவிடுங்கள்.

காரியத்தன்று படத்துக்கு முன்னால் அவருடைய பித்தளைக் கைவிளக்கை வைத்திருந்தார்கள். தகதகவென்று இருந்தது.

"அப்பாவுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து புளி போட்டுத் தேய்ச்சேன் அண்ணா" என்றாள் மகள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.