வக்ஃபு எப்படி 'வக்கஃப்' ஆனது?

ஜகார்த்தா கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஊதா நிற முத்திரை தெரியும். வாயாங் நிழற்பாவைக் கூத்தில் வரும் மலையின் வடிவம். அந்த வடிவத்துக்குள் வளைந்து அடங்கிய அரபு எழுத்துகளில் 'ஹலால்'. 2022-இல் வந்த முத்திரை இது. அரபுச் சொல்லுக்கு ஜாவாச் சட்டை போட்டிருக்கிறார்கள். இந்தோனேசிய மொழி வெகுகாலமாகச் செய்துவரும் வேலையும் இதுதான்.

'பிஸ்னிஸ் ஹலால் பெர்கெலஞ்சுத்தன்' என்கிறார்கள். நீடித்து நிற்கும் ஹலால் தொழில் என்று பொருள். அடைமொழி பின்னால் வருவது அவர்கள் வழக்கம். மூன்று சொல்லும் மூன்று வழியில் வந்தவை. 'பிஸ்னிஸ்' ஆங்கிலம், காதில் விழுந்தபடியே எழுத்தானது. 'ஹலால்' அரபு, மாறவே இல்லை. 'சஸ்டெயினபிள்' என்பதை மட்டும் அப்படியே எடுக்கவில்லை. 'தொடர்' என்ற பொருளுள்ள சொந்தச் சொல் 'லஞ்சுத்'தை எடுத்து, முன்னும் பின்னும் ஒட்டுகளைப் பூட்டிப் புதுச்சொல் செய்துகொண்டார்கள்.

ஒலி மாற்றத்தைப் பார்க்க, அறப்பணிக்கென ஒதுக்கிய சொத்தைக் குறிக்கும் அரபு 'வக்ஃப்' நல்ல உதாரணம். இந்தோனேசிய மொழிக்கு அடிப்படை மலாய். இரண்டு மெய் சேர்ந்தாற்போல் சொல் முடிவது மலாய் நாக்குக்கு ஒத்துவராது. நடுவில் ஓர் அகரத்தை நுழைத்து 'வக்கஃப்' என்றார்கள். நமக்கும் அதே சிக்கல்தான். நாம் கடைசியில் உகரம் சேர்த்து 'வக்ஃபு' என்றோம். பழைய நாளில் 'ஃப'வும் அவர்களுக்கு வராது. கடமையைக் குறிக்கும் அரபு 'ஃபர்ள்', 'பெர்லு' ஆகி, 'தேவை' என்ற பொருளில் அன்றாடப் பேச்சில் கரைந்துவிட்டது. 1972 எழுத்துச் சீர்திருத்தம் 'எஃப்' எழுத்தை முறைப்படி ஏற்றது.

ஆனால் ஒரு சொல் உண்மையில் குடியேறிவிட்டதா என்பதை ஒட்டுகளே காட்டும் என்பது என் எண்ணம். அரபு 'ஃபிக்ர்' (சிந்தனை) அங்கே 'பிக்கிர்'. வினைமுன்னொட்டு சேர்ந்ததும் அதன் 'ப' உருகி 'மெமிக்கிர்க்கன்' ஆகிறது, மண்ணில் பிறந்த சொல்லைப் போலவே. சான்றளிப்பைக் குறிக்கும் 'செர்திஃபிக்காசி' இன்னும் வாசற்படியில் நிற்கிறது. ஈற்றிலுள்ள 'சி' டச்சு ஆட்சி விட்டுப்போன அச்சு. இலக்கணப்படி முதல் 'ச' உருகி 'மெஞெர்திஃபிக்காசி' ஆக வேண்டும். பலர் உருக்காமல் 'மென்செர்திஃபிக்காசி' என்கிறார்கள். ஹலால் சான்றைக் கட்டாயமாக்கும் 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் சட்டத்தால் இந்தச் சொல் தெம்பே என்ற சோயா உணவைச் செய்து விற்பவர் வரை போய்ச் சேர்கிறது. புழங்கப் புழங்க அந்த 'ச'வும் உருகலாம்.

2018-இல் இந்தோனேசிய அரசு 125 கோடி டாலருக்குப் பசுமை சுகூக், அதாவது சுற்றுச்சூழல் திட்டங்களுக்கான வட்டியில்லா இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரம், வெளியிட்டது. அங்கே அதன் பெயர் 'சுகூக் ஹிஜாவ்'; ஹிஜாவ் என்றால் பச்சை. அரபியில் 'சுகூக்' பன்மை, இவர்களுக்கோ ஒருமை. நாமும் 'உலமா' என்ற பன்மையோடு இன்னொரு 'கள்' சேர்த்து 'உலமாக்கள்' என்கிறோமே, அதைப் போல.

ஒருவர் பணம் போட, மற்றவர் உழைக்க, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இஸ்லாமிய வங்கி ஒப்பந்தம் முளாரபா. அந்த ஒப்பந்தத் தாளில், போட்ட பணத்துக்கு அரபுச் சொல்லும் இல்லை, ஆங்கிலச் சொல்லும் இல்லை. 'மொடல்' என்று இருக்கும். கப்பலேறிப்போன நம் 'முதல்' அது.