ஈக்வெஸ்ட்ரியன் போர்ட்ரெயிட் – தமிழில் பரிமேல் உருவப்படம்

ஐரோப்பிய ஓவியங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஈக்வெஸ்ட்ரியன் போர்ட்ரெயிட், அதாவது குதிரைமேல் அமர்ந்தபடி ஒருவரை வரைந்த படம், என்ற இந்தச் சொல் வந்தாலே தடுமாற்றம்தான். சிலர் 'குதிரையேற்ற ஓவியம்' என்று போடுகிறார்கள், சிலர் 'குதிரை ஓவியம்' என்று முடித்துவிடுகிறார்கள். முதலாவதைப் படித்தால் ஒலிம்பிக் போட்டிதான் நினைவுக்கு வரும், இரண்டாவதில் மேலே உட்கார்ந்திருக்கும் ஆளையே காணோம். இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து.

லத்தீனில் ஈக்வுஸ் என்றால் குதிரை, ஈக்வெஸ் என்றால் குதிரைவீரன். பழைய ரோமில் செனட்டர்களுக்கு அடுத்த படியில் இருந்த மேட்டுக்குடிக்கும் இதுதான் பெயர். ஆக, இந்தச் சொல்லுக்குள் குதிரையோடு கூடவே அந்தஸ்தும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. போர்ட்ரெயிட் பழைய பிரெஞ்சுச் சொல், ஒருவருடைய உருவத்தை வரைந்தெடுப்பது. அதற்கு உருவப்படம் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதில் சிக்கல் இல்லை.

இந்த வகைக்கு மூலமாதிரி ஓவியத்தில் இல்லை, ரோமில் நிற்கும் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் வெண்கலச் சிலையில் இருக்கிறது. ஓவியத்தில் பெரிய திருப்பம் 1548-இல் இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் படம். அதற்கு முந்தைய ஆண்டு மூல்பெர்க் போரில் வென்ற பேரரசர், கவசமும் ஈட்டியுமாகக் குதிரையில் தனியாகப் போகிறார். 1603-இல் ஸ்பெயினுக்குத் தூது போன ஓவியர் ரூபென்ஸ், லெர்மா கோமகனை வரைந்தபோது குதிரையைப் பக்கவாட்டில் நிறுத்தாமல் நேராகப் பார்க்கிறவரை நோக்கியே நடந்து வரவிட்டார். பரோக் எனப்படும் பதினேழாம் நூற்றாண்டுக் கலைப்பாணிப் படங்களின் வேகம் அங்கிருந்து தொடங்குகிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம் வந்த படைத்தலைவர்களின் படங்களில் சில பொருள்கள் திரும்பத் திரும்ப வரும்: மார்புக் கவசம், கையில் தளபதிக்கோல், ஸ்பெயின் தரப்பினர் என்றால் சிவப்புக் கச்சை. வான் டைக் 1634-இல் வரைந்த சவோய் இளவரசர் தொமாசோவின் படத்தில் இவை எல்லாம் உண்டு, அவர் நிஜமாகவே ஃபிளாண்டர்ஸில் ஸ்பானியப் படையை நடத்தியவர்.

ஆனால் நான் நின்று பார்க்கச் சொல்வது ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ஒலிவாரெஸ் படத்தைத்தான். மாத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1630-களில் வரைந்தது. ஒலிவாரெஸ் ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் முதன்மை அமைச்சர், அப்போது எந்தக் களத்திலும் படை நடத்தியவர் இல்லை. இருந்தாலும் குதிரை நமக்கு முதுகைக் காட்டியபடி பள்ளத்தாக்கை நோக்கிப் பாய எழுகிறது, அவர் தோளுக்கு மேல் திரும்பி நம்மைப் பார்த்துக்கொண்டே கோலைத் தூரத்துப் போர்ப்புகைப் பக்கம் நீட்டுகிறார், இடது கீழ்மூலையில் கல்மேல் ஒரு வெற்றுத்தாள் கிடக்கிறது. அவர் செய்யாத போரைத் தூரிகை செய்து கொடுத்திருக்கிறது.

குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்பதை மிரட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடையைப் பின்னங்கால்களில் வாங்கி அப்படியே நிற்க வைப்பது, பல ஆண்டு பழக்கினால்தான் வரும் வித்தை. பிரான்சில் பதின்மூன்றாம் லூயிக்கு இதைக் கற்பிக்கவே ப்ளுவினெல் என்ற ஆசான் இருந்தார். இவ்வளவு வலுவான விலங்கை ஒரு கைக் கடிவாளத்தில், முகம் சுளிக்காமல் அடக்குகிறவன் நாட்டையும் படையையும் அடக்குவான் என்பதுதான் படம் சொல்ல வந்தது. அதனால்தான் ஐந்து வயது இளவரசன் பல்தசார் கார்லோஸைக்கூட வெலாஸ்கெஸ் அதே கோலோடும் கச்சையோடும் பாயும் மட்டக்குதிரையில் ஏற்றினார். அந்தப் படம் வாசலுக்கு மேலே தொங்கவிட வரைந்தது, அண்ணாந்து பார்க்க வேண்டியது, குதிரையின் வயிறு அவ்வளவு உருண்டையாக இருப்பது அதனால்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். புறத்திணையில் 'குதிரை மறம்' என்ற அருமையான துறை உண்டு, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே பாடப்படுவது குதிரையின் வீரம். புறநானூறு 273-இல் எல்லார் குதிரையும் வந்துவிட்டது, அவனுடையது மட்டும் வரவில்லையே என்று ஒரு பெண் கலங்குகிறாள். பரோக் படத்தில் குதிரைக்கு அந்த இடம் இல்லை, அது கீழ்ப்படிவதற்கு இருக்கிறது.

எனவே 'பரிமேல் உருவப்படம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். பரி என்றால் குதிரை என்பதோடு ஓட்டம், விரைவு என்ற பொருளும் உண்டு. 'மேல்' சேர்ந்தவுடன் ஆள் வந்துவிடுகிறான், உயரமும் வந்துவிடுகிறது. திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் பெயரில் காலங்காலமாகப் பழகிய தொடர் என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிற்பத்துக்கு 'பரிமேல் சிலை' என்றால் போதும், சென்னை தீவுத்திடல் மன்றோ சிலை அந்த வகைதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள வான் டைக்கின் வேட்டைப் படத்தில் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் குதிரையிலிருந்து இறங்கித் தரையில் நிற்கிறார், குதிரை பின்னால் தலை குனிந்திருக்கிறது. அதை வெறும் உருவப்படம் என்றே எழுதுங்கள்.