கை, கால் பாதித்த குழந்தைக்கு அரசு தருவது என்ன? எங்கே, எந்த வரிசையில் கேட்பது?

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியும் கழுத்து நிற்கவில்லை. ஒரு கை எப்போதும் மடங்கியே இருக்கிறது. நிற்க வைத்தால் கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறது. இப்படி ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது, “மாசம் ரெண்டாயிரம் எப்படி வாங்குறது?” என்பதைத்தான். கேட்பதில் தப்பே இல்லை, அந்தப் பணம் தேவைதான். ஆனால் சான்றிதழும் அட்டையும் வரட்டும் என்று பிசியோதெரபிப் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறார்களே, அங்கேதான் மனசு பதைக்கிறது. எலும்பும் தசையும் நம் விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவிகளை, பயிற்சியை முன்னால் வைத்தே சொல்கிறேன்.

பயிற்சிக்கு முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். ‘டி.ஈ.ஐ.சி. எங்கே?’ என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது, மாற்றுத்திறனாளி அட்டையும் கேட்க மாட்டார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது இது. அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வரும் மருத்துவக் குழு, சந்தேகமுள்ள குழந்தைகளை இங்கேதான் அனுப்புகிறது. பிறவியிலேயே பாதம் உள்பக்கமாக வளைந்திருந்தால், பிறந்த சில வாரங்களிலேயே வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தை நேராக்கிவிடலாம். அதற்குப் பிறகு தரும் கம்பி வைத்த காலணியை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள். ‘கால்தான் நேராகிவிட்டதே’ என்று கழற்றி வைத்த பிள்ளைகளுக்குப் பாதம் மறுபடி வளைந்துவிடும்.

பள்ளி வயது வந்துவிட்டால் அடுத்த இடம் வட்டார வள மையம், அதாவது பி.ஆர்.சி. பள்ளிக்கல்வித் துறையின் உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள். எந்தக் கிழமை பிசியோ வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலேயே இருக்கும் குழந்தை என்றால் அவர்கள் வீட்டுக்கே வருவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், கடுமையான பாதிப்புள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிப்பதை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. பள்ளிக்கு வந்துபோக உதவித்தொகை, கூட வருபவருக்கான தொகை, பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் என்று இந்தத் திட்டத்திலேயே சில தொகைகள் உண்டு. கேட்டால்தான் பெயர் சேர்ப்பார்கள்.

சரி, இனி சான்றிதழ். யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்துகொள்ளலாம். அப்புறம் அரசு மருத்துவமனையில் மருத்துவர் பார்த்து எத்தனை சதவீதம் என்று எழுதுவார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். வளர்கிற குழந்தை என்பதால் சில சமயம் குறிப்பிட்ட ஆண்டுவரை செல்லும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். அந்தத் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். சான்று காலாவதியானால் உதவித்தொகையும் நின்றுவிடும்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து இந்த அளவில் இருக்கிறது. கை, கால் பாதிப்புக்கு 75 சதவீதம் வேண்டும். தசைச்சிதைவு நோய்க்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் 40 சதவீதமே போதும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மூளை முடக்குவாதம், அதாவது மூளை பாதிப்பால் கை கால் அசைவு சிரமப்படும் நிலை உள்ள குழந்தைக்கு நடப்பதில் மட்டுமல்ல, புரிந்துகொள்வதிலும் சிரமம் இருக்கலாம். காலை மட்டும் பார்த்து 60 சதவீதம் என்று எழுதிவிட்டால் தொகை கிடைக்காது. “சார், இதையும் சேர்த்துப் பாருங்க” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். முழு நேரமும் ஒருவர் துணை வேண்டிய நிலையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தையும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

சக்கர நாற்காலி, வாக்கர், காலைத் தாங்கிப் பிடிக்கும் கேலிப்பர், மூளை முடக்குவாதக் குழந்தைக்கான சி.பி. சேர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முகாமில் பெரியவர்களுக்கான சக்கர நாற்காலியை வாங்கி வந்த ஒரு வீட்டைப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளை. இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி, அதில் தலையணையைச் செருகியிருந்தார்கள். பாதம் மிதிபலகையை எட்டாமல் தொங்கியது. குழந்தை நாள் முழுக்க ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தது. இப்படி உட்கார்ந்தால் முதுகெலும்பு வளையும். நாற்காலி இலவசம் என்பதற்காக அளவு தப்பானதை வாங்கிவிடாதீர்கள். அளவெடுக்கும் நாளில் குழந்தையை நேரில் கூட்டிப்போங்கள். உட்கார்ந்த நிலையில் இடுப்பு அகலம் எவ்வளவு, முழங்காலிலிருந்து குதிகால்வரை எவ்வளவு என்று எழுதிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். வளர்ந்த பிறகு மாற்றவும் வழி இருக்கிறது. மத்திய அரசின் உபகரணத் திட்டத்தில் பெரியவர்கள் அதே உபகரணத்தை மறுபடி வாங்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரே ஆண்டுதான்.

பள்ளியில் சேர்க்க மறுத்தால் அது சட்டப்படி தவறு. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுப்பதும் குடும்பத்தின் உரிமை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்கலாம். தேர்வு நெருங்கியபின் ஓடாமல், ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் மனு கொடுத்துவிடுங்கள்.

பயணத்துக்கு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் குழந்தைக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. ரயிலில் துணையின்றிப் போக முடியாதவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை. அதற்கு ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவர் தனியாகச் சான்று தர வேண்டும். வருமான வரி கட்டுபவராக இருந்து பழைய வரி முறையில் இருந்தால், பாதிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 75,000 அல்லது 1,25,000 ரூபாய் கழிவு உண்டு.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு ‘நிராமயா’ காப்பீட்டையும் எடுத்து வையுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்துவது, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஏற்கெனவே இருக்கும் பாதிப்பு என்று தள்ள மாட்டார்கள், தெரபிச் செலவும் அதில் அடங்கும். அதே அறக்கட்டளையின் சட்டப்படி, குழந்தைக்கு 18 வயது ஆனதும் யார் பாதுகாவலர் என்று பதிவு செய்ய வேண்டியிருந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெற்ற தாய்கூட அந்த வயதுக்குப் பிறகு சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும்போதுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது.