லண்டன் போக அதிக நேரம், திரும்பி வரக் குறைந்த நேரம்: ஏன்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் போக விமானத்தில் பத்தரை மணி நேரம் ஆகிறது. திரும்பி வரப் பத்து மணிகூட ஆவதில்லை. பூமி கிழக்கே சுற்றுகிறது என்றால், மேற்கே போகும்போதுதானே லண்டன் எதிரே வந்து சீக்கிரம் சேர வேண்டும்?"

இரு ஊர்க் கடிகார வித்தியாசத்தைக் கழித்த பிறகும் இந்த இடைவெளி இருக்கவே செய்கிறது. தூரம் இரு பக்கமும் ஒன்றுதான், சுமார் 8,000 கி.மீ. லண்டன் எதிரே வராததற்குக் காரணம், பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுவதுதான். தருமபுரி மண் மணிக்குச் சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. காற்று கூட வராவிட்டால் நாலு ரோட்டில் ஒருவரும் நிற்க முடியாது.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். நிலநடுக்கோட்டில் தரையின் வேகம் மணிக்கு 1,670 கி.மீ. ஹரித்வார் இருக்கும் 30 டிகிரியில் அது சுமார் 1,446தான். நடுக்கோட்டில் சூடேறி மேலெழும் காற்று வடக்கே நகரும்போது, தன் பழைய வேகத்தைச் சும்மா விட்டுவிடாது. கீழே தரையோ மெதுவாகிவிட்டது. மிச்ச வேகம் எங்கே போகும்? கிழக்கே பாயும் காற்றாகிறது. வழியில் கலந்து, உரசி, கொஞ்சம் தேய்ந்த பிறகும் குளிர்காலத்தில் 12 கி.மீ. உயரத்தில் மணிக்கு 150, 200 கி.மீ. சாதாரணம். இதுதான் ஜெட் காற்று. ஆக, பூமியின் சுழற்சி உதவத்தான் செய்கிறது. வாசகர் நினைத்ததற்கு நேர்மாறான திசையில்.

ஒகேனக்கலில் பரிசல் தள்ளுபவருக்கு மீதிக் கணக்கு தெரியும். விமானத்தின் வேகம் 900, காற்று 100 என்றால், கூடப் போக 8 மணி, எதிர்த்துப் போக 10 மணி. மொத்தம் 18. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடம். எதிர்காற்றில் பறக்கும் நேரம் அதிகம் என்பதால், பறித்ததை அது முழுசாகத் திருப்பித் தருவதே இல்லை! நிஜத்தில் வழி நெடுக அந்தக் காற்று இல்லாததால் வித்தியாசம் சுருங்குகிறது.

இந்த ஜெட் காற்றை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானின் வாசபுரோ ஓயிஷி. எஸ்பெராண்டோ என்ற, செயற்கையாக உருவாக்கிய மொழியில் எழுதி வெளியிட்டார். வெளியுலகில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1944இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் மேலே அந்தக் காற்றில் திணறின. பலூன் விடுவதற்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், பலிப்பதில்லை.

நம் தலைக்கு மேலேயும் ஒரு ஜெட் காற்று உண்டு. ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று மேற்கிலிருந்து வருகிறதல்லவா? அதே நாளில் 15 கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே சீறுகிறது. 1950களில் இதை ஆராய்ந்து சொன்னவர் நம் வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். கோடையில் திபெத் மேட்டுநிலம் சூடாவதால், அதற்குத் தெற்கே காற்று திசை மாறுகிறது என்றார். ஆடிக்கு ஆயிரம் தோஷம் சொல்பவர்கள் இந்த அதிசயத்தைச் சொன்னதில்லை. பயணிகள் விமானங்கள் 10 முதல் 12 கி.மீ. உயரத்திலேயே பறப்பதால், அதன் முழு வேகம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.