க்ரானிக் பெயின்: நாள்பட்ட வலியா, தீராத வலியா?

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் “க்ரானிக்காம்” என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். கேட்பவரும் “அவ்வளவு முத்திப்போச்சா?” என்பார். முத்தியதற்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. கிரேக்கத்தில் ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். அதில் பிறந்த க்ரானிக், வலி எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, எவ்வளவு கடுமை என்று சொல்வதில்லை. 3 மாதம் தாண்டியும் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலி க்ரானிக் பெயின்.

தமிழில் நாள்பட்ட வலி. காலம் உள்ளேயே இருக்கிறது, பொருத்தமான சொல். ‘தீராத வலி’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நாள்பட்டது என்றால் இதுவரை நடந்த கணக்கு. தீராதது என்றால் இனிமேலுக்கும் சேர்த்து எழுதிவிட்ட தீர்ப்பு.

வலி என்ற சொல்லுக்கே பழைய பொருள் வலிமை. குறளின் 48ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’ நோவைப் பற்றியதல்ல, பலத்தைப் பற்றியது. உடம்பு நோவதற்குப் பழைய சொல் நோவு. மலையாளத்திலும் அதே நோவு, தெலுங்கில் நொப்பி. மலையாளத்தில் ‘வலி’ என்றால் இழுப்பு. தூத்துக்குடியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த என் பெரியம்மா, எல்லை தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் “வலி தாங்கல” என்றதும், நர்ஸ் “சுவாசம் முட்டலுண்டோ?” என்று மூச்சை விசாரித்தாராம்! பெரியம்மாவுக்கு இடுப்பு.

அங்கே சொல்லவேண்டியது ‘வேதன’. ‘விட்டுமாறாத்த வேதன’ என்பார்கள். சமஸ்கிருத ‘வேதனா’வுக்கு உணர்வு என்றும் பொருள். அதே சொல் நம் பக்கம் வேதனை ஆகி, பெரும்பாலும் மனசுக்குப் போய்விட்டது. அங்கே உடம்பு, இங்கே மனசு. சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 1979இல் தந்த வரையறையும் இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறது: வலி என்பது புலனுணர்வும் மனவுணர்ச்சியும் கலந்த அனுபவம். 2020இல் திருத்தியபோதும் அதை விடவில்லை.

மனசு என்றதும் ‘நடிக்கிறா’ என்று படிக்கிறவர்கள்தான் தொல்லை. காயம் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை அடித்துக்கொண்டே இருக்கலாம். மணி உண்மையிலேயே கேட்கிறது. அந்த மணிக்குப் பயந்து ஆள் அசைவதைக் குறைக்கிறார், தசை தளர்கிறது, அப்புறம் சின்ன வேலைக்கே வலிக்கிறது. இன்னொரு பக்கம், வலி குறைந்த நாளில் பாக்கி வேலை முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுப்பது. பெரியம்மா இரண்டையும் பார்த்தவர்.

இதற்கு உளவியலாளர்கள் சொல்லும் வழி ‘பேசிங்’ (pacing). ஆங்கிலத்தில் நடையின் வேகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘அளந்து செய்தல்’ என்று சொல்லலாம். ‘ஓய்வு’ என்று பெயர்த்தால் தப்பு. வலி வந்தபிறகு நிறுத்துவதல்ல, வைத்த அளவில் நிறுத்துவது. பெரியம்மா இப்போது முற்றத்தைப் பிலா மூடு (பலா மரத்தடி) வரைக்கும்தான் பெருக்குகிறார். நன்றாக இருக்கிற நாளிலும் அங்கேயே துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, சருகைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்.