வீடு மேலே, ஊர் கீழே

சிங்கப்பூரின் வடக்கே, அட்மிரல்டி ரயில் நிலையத்தை ஒட்டினாற்போல் ஒரு கட்டடம் இருக்கிறது. பெயர் கம்போங் அட்மிரல்டி. கம்போங் என்றால் மலாய் மொழியில் கிராமம். அங்குள்ள தமிழர்கள் ‘கம்பம்’ என்பார்கள். நிலம் 0.9 ஹெக்டேர்தான், இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் முதியோருக்கான 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைகளின் பகல்நேரக் காப்பகம், பூங்கா எல்லாம் அடங்கிவிட்டன.

வழக்கமாக ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு மனை கேட்டு, தனிக் கட்டடம் எழுப்பும். இங்கே அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எல்லோரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. 45 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்ற வரம்பும் இருந்ததால், எதை எங்கே அடுக்குவது என்பதே பெரிய கணக்காகிவிட்டது.

ஆள் நடமாட்டம் எதற்கு அதிகமோ அது கீழே. தரைத்தளம் நான்கு பக்கமும் காற்று வரும் பொதுமன்றம். மேலே இருக்கும் கட்டடமே அதற்குக் குடை. வெயிலும் திடீர் மழையும் உள்ள ஊரில் நிழல் இருந்தால்தான் மனிதர்கள் நின்று பேசுவார்கள். அதற்கு மேலே உணவங்காடி, அப்புறம் மருத்துவ நிலையம். குழந்தைகள் காப்பகமும் முதியோர் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். அமைதி தேவைப்படும் வீடுகள் உயரத்தில்.

சரி, அடுக்கிவிட்டால் மட்டும் அக்கம்பக்கம் உருவாகிவிடுமா? இதற்கு ஒரு பழைய ஆய்வு உதவுகிறது. சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் சகாக்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் நடத்திய ஆய்வு 1950இல் வெளியானது. ஒரே தளத்தில் அடுத்த வீட்டாரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வீட்டாரைச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். இத்தனைக்கும் நடந்தால் அரை நிமிடத் தூரம். மாடிப்படியின் அடியில் குடியிருந்தவர்களுக்கோ மேல்மாடி நண்பர்களும் அதிகம், ஏனென்றால் மேலே குடியிருந்தவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் ஏறினார்கள். தற்செயலாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வதில் அவ்வளவு விஷயம் இருக்கிறது.

இப்போது மேலே குடியிருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். மாத்திரை வாங்க, இட்லி சாப்பிட, ரயில் பிடிக்க, எதற்கு இறங்கினாலும் அதே மன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நான்காவது நாள் அதே முகம் எதிரே வரும். புன்னகை வரும்.

104 குடும்பங்களுக்காக மட்டும் கட்டியிருந்தால் அந்த மன்றம் காற்றாடிக்கொண்டு கிடந்திருக்கும். ரயிலுக்கும் மருத்துவத்துக்கும் சாப்பாட்டுக்கும் சுற்றுவட்டாரமே வருவதால்தான் அது உயிரோடு இருக்கிறது. சமூகக்கூடத்தைக் குடியிருப்பின் பின்மூலையில் கட்டிப் பூட்டிவைக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பேன்.

இங்குள்ள வீடுகளின் விலை குறைவாக இருந்ததற்கும் காரணம் உண்டு. சாதாரண அரசு வீடுகளின் குத்தகை 99 ஆண்டு. இவை 30 ஆண்டுக் குத்தகை. பரப்பும் 36, 45 சதுர மீட்டர்தான். முதுமைக்கு அது போதும், ஏனென்றால் கூடம் கீழே இருக்கிறது.

2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடமாக இது தேர்வானது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. வீடுகளுக்கான பொது நுழைவிடத்தில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், நம் திண்ணை மாதிரி. கீழே இறங்க முடியாத நாளில் கதவைத் திறந்து வந்து அங்கே உட்காரலாம்.