பின்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது?

கடைகளையும் உணவகங்களையும் பார்வையிட்டுத் தீப் பாதுகாப்பு குறித்து ஆலோசனை சொல்வது என் தொழில். சென்ற மாதம் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொள்ள, பதறிய உதவியாளர் ஒருவர் அதில் தண்ணீரைக் கொட்டிவிட்டார். (எரியும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் தீ சீறிப் பரவும்; இதை எத்தனை முறைதான் சொல்வது!) புகை கூடத்துக்கு வந்ததும் இலை முன் அமர்ந்திருந்தவர்கள் எல்லோரும் தாங்கள் நுழைந்த முன்வாசலுக்கே ஓட, அங்கே கல்லா மேசை பாதி வழியை அடைத்திருந்தது. அடுக்களை ஆட்கள் நால்வர் வெங்காய மூட்டைகளைத் தாண்டிப் பின்கதவுக்குப் போனால், அதில் பூட்டு. சாவியோ, வங்கிக்குப் போயிருந்த முதலாளியின் பைக் சாவிக்கொத்தில். குழவிக்கல்லால் நாதாங்கியை அடித்துப் பெயர்த்து வெளியே வந்தார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் நான் போனபோது, அதே கதவில் புதிய நாதாங்கியும் புதிய பூட்டும் பளபளத்தன. அந்தப் பூட்டுதான் என்னை இதை எழுத வைத்தது.

தீப்பிடித்தால் எல்லோரும் வெளியேறத் திட்டம் உண்டா என்று கேட்டால், கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சின்ன இடம்தானே சார், நாலு எட்டு வைத்தால் தெரு." எனக்கு மிகுந்த எரிச்சலூட்டும் வாதம் இது. இடம் சிறியது என்பதால்தான் புகை விரைவில் நிறைகிறது. விளக்கு அணைந்து, கண் எரிந்து, இருமல் தொடங்கிய பிறகு அந்த நான்கு எட்டு எந்தத் திசையில் என்பதே தெரியாது. இருக்கும் ஒரே வாசலுக்கு அருகில் தீ பற்றினால் உங்கள் கணக்கு என்ன ஆகும்? மேலும், வாடிக்கையாளர்கள் உடனே ஓடுவதில்லை. கைகழுவப் போன குழந்தையைத் தேடுவார்கள், பையை எடுப்பார்கள், பில் கொடுக்காமல் போகலாமா என்று தயங்குவார்கள். ஜவுளிக்கடை என்றால் இன்னும் மோசம். குறுகிய படிக்கட்டின் இருபுறமும் சரக்கு மூட்டைகள், சன்னல் இருந்த இடத்தில் கண்ணாடி, அதன் மேல் விளம்பரப் பலகை.

சுவரில் தீயணைப்பான் மாட்டியிருப்பதைப் பலர் பெருமையோடு காட்டுகிறார்கள். அது சிறு தீயை அணைக்கத்தான். ஆட்களை அது வெளியேற்றாது. வெளியேறும் கதவு உள்ளிருப்பவருக்குச் சாவியின்றித் திறக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. திருட்டுப் பயம் என்றால் உள்தாழ்ப்பாளும், கதவு திறந்தால் ஒலிக்கும் மணியும் போதும்.

திட்டம் என்றதும் கோப்பு தயாரிக்க வேண்டியதில்லை. காஸ் வால்வை மூடுபவர் யார், கூடத்தை வெளியேற்றுபவர் யார், மாடியையும் கழிப்பறையையும் பார்ப்பவர் யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். விடுப்பில் போனால் மாற்று ஆளும் வேண்டும். கழிப்பறையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2017 டிசம்பர் இறுதியில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்து மொட்டைமாடி உணவகங்களில் பற்றிய தீயில் இறந்த 14 பேரில் பலர், கழிப்பறைக்குள் ஒதுங்கிப் புகையில் மூச்சடைத்துப் போனவர்கள். வெளியே வந்ததும் எதிர்க்கடை வாசல் போன்ற ஓர் இடத்தில் கூடித் தலை எண்ணுங்கள். கல்லாவை எடுக்க யாரும் திரும்பப் போகக் கூடாது, முதலாளி உட்பட. 101 அல்லது 112-ஐ அழைப்பவர் யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்கட்டும்; எல்லோரும் வேறொருவர் அழைத்திருப்பார் என்றே நினைக்கிறார்கள். கூட்டமில்லாத பிற்பகல் மூன்றரை மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை நடந்து பாருங்கள். வடமாநில ஊழியர் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். தமிழில் எழுதி ஒட்டியதை அவர் எப்படிப் படிப்பார்? மோட்டார் ஷட்டர் வைத்திருப்பவர்கள், மின்சாரம் போனால் அதைக் கையால் தூக்கத் தெரிந்தவர் கடையில் எத்தனை பேர் என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.

இரவில் ஊழியர்களைக் கடைக்குள் படுக்கவைத்து, ஷட்டரை வெளியே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் முதலாளிகளிடம் மட்டும் கோபமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் அந்தப் பையன்களைத் தம் பிள்ளைகள் போலத்தான் நடத்துகிறார்கள். உங்களை மன்றாடிக் கேட்கிறேன், உள்ளிருந்து திறக்கும்படி பூட்டை மாற்றுங்கள். மாற்றும்வரை அவர்களை அங்கே தூங்க வைக்காதீர்கள்.